ஊரே ‘டாக்டரம்மா’ என்று கூப்பிடுகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது

முதல் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவி ஒருவரின் கடிதம் 2021 நடுவில், கொரோனா இரண்டாம் அலைக் காலத்தில் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் ஆறு பக்கம் எழுதி, படமெடுத்து அனுப்பியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கி, அப்போது நான் எழுதிய பதிலோடு தருகிறேன்.

ஆரணிப் பக்கம் ஒரு நெசவாளர் குடும்பம். அப்பா பட்டுத்தறி ஓட்டுகிறார், அம்மா கூட இருந்து பாவு வேலை பார்க்கிறார், தறியும் மிதிப்பார். பெண் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். 2020 செப்டம்பரில் நீட் எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில், நவம்பரில் நேரு உள்விளையாட்டரங்கத்தில் நடந்த கலந்தாய்வில் சென்னையில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி வகுப்பு தொடங்கியது. டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது பதப்படுத்திய உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கும் கூடத்தில், கையைத் தொட்டு, தோளுக்குப் போவதற்குள் ஏப்ரலும் கொரோனா இரண்டாம் அலையும் வந்துவிட்டன. விடுதியைக் காலி செய்துகொண்டு ஊருக்குத் திரும்பியவர், அன்றிலிருந்து கைப்பேசியில் படிக்கிறார். சிக்னலுக்காக மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார வேண்டியிருக்கிறது.

மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா. பத்து நாள் ஆக்ஸிஜனில் இருந்து பிழைத்து வந்திருக்கிறார். அதே வாரத்தில் நடந்த இன்னொன்றுதான் ஆறு பக்கக் கடிதத்தின் நடுவில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் பெரியப்பா முறை வேண்டிய ஒருவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அவருடைய மகன் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டி, “டாக்டரம்மா, இதை வாங்கிக் கொடுக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார். “டாக்டர் எழுதினதுதானே, சரிண்ணா” என்று இவர் சொல்லிவிட்டார். அதில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருந்தது. ஏழாம் நாள் அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. பதினோராம் நாள் இறந்துவிட்டார்.

“நான்தான் கொன்றேன் மேடம்” என்று எழுதியிருக்கிறார். அப்புறம் கேள்விகள். அம்மா படிப்பை விட்டுவிடச் சொல்கிறார், விடலாமா? பிணத்தைத் தொடுவதால் கொரோனா வராதா? முதல் ஆண்டே இப்படிப் போனால் நாங்கள் அரைகுறை டாக்டர்களாகத்தான் வருவோமா? ஆங்கிலமே புரியாத எனக்கு இந்தப் படிப்பு தேவையா? கடைசியாக, போன் செட், அதாவது படிப்பதற்கான மனித எலும்புத் தொகுப்பு, வாங்க வேண்டுமா?

நான் சென்னையில் 31 ஆண்டுகளாக உடற்கூறியல் கற்பிப்பவள். முதல் ஆண்டுப் பிள்ளைகளோடுதான் என் பொழுது முழுக்கப் போயிருக்கிறது. அவர்களை ‘நீ’ என்று கூப்பிட்டே பழக்கம். உன்னையும் அப்படியே கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்காதே.

முதலில், அந்தப் பெரியப்பா

மற்றக் கேள்விகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இதை முதலில் எடுக்கிறேன். இது தீராமல் மற்ற எதையும் உன்னால் யோசிக்க முடியாது என்று உன் கையெழுத்தே சொல்கிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் எழுத்து சிறுத்துப் போயிருக்கிறது.

நீ சொன்னது தவறு. அதை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஸ்டீராய்டு, ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிக்கான மருந்து. 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ரெகவரி’ ஆய்வு இதைத்தான் காட்டியது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்ததில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்ஸிஜன் மட்டும் வைத்திருந்தவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில், மூச்சு நன்றாக இருக்கும்போதே அதை விழுங்கினால், சர்க்கரை ஏறும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தணியும். கறுப்புப் பூஞ்சை இவ்வளவு பேருக்கு வந்ததில் கட்டுப்படாத சர்க்கரைக்கும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டுக்கும் பங்கு உண்டு.

ஆனால் ‘நான்தான் கொன்றேன்’ என்பது வேறு வாக்கியம். அது உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இந்த நோய் பலருக்கு முதல் வாரத்தில் சாதாரணக் காய்ச்சல் போல இருந்துவிட்டு, ஏழாம் எட்டாம் நாளில்தான் நுரையீரலைப் பிடிக்கிறது. ஒரு மாத்திரையும் போடாதவர்களுக்கும் அப்படித்தான் ஆனது. அவருக்கு முன்பே சர்க்கரை இருந்து, பார்க்காமலே விட்டிருக்கலாம். நம் ஊர்களில் 50 வயதைத் தாண்டிய எத்தனையோ பேருக்கு மருத்துவமனைக்குப் போன அன்றுதான் சர்க்கரை இருப்பதே தெரிகிறது. மாத்திரை கொஞ்சம் கெடுத்திருக்கலாம், ஒன்றுமே செய்யாமலும் இருந்திருக்கலாம். இந்தத் தெரியாமையோடுதான் நீ இருக்க வேண்டியிருக்கும். மருத்துவர்கள் எல்லாரிடமும் இப்படி ஒன்றிரண்டு முகங்கள் இருக்கும். உனக்கு அது பதினெட்டு வயதிலேயே வந்துவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். அந்தச் சீட்டை எழுதியது நீ இல்லை. அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியதும் நீ இல்லை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரையை, வேறு யாருக்கோ எழுதிய சீட்டின் படத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தது ஒரு மருந்துக் கடை. இத்தனை பெரியவர்கள் தவறிய இடத்தில், இரண்டரை மாதம் கல்லூரிக்குப் போன ஒரு பெண் ‘சரி’ என்று ஒரு சொல் சொன்னாள். உன் பங்கு அந்தச் சொல் மட்டும்தான். அதற்கு மேல் உள்ளதை நீ சுமக்காதே.

அவர் வீட்டில் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நானும் இதை நிறைய யோசித்தேன். இப்போது நீ போய் “என்னால்தான் இறந்தார்” என்று சொன்னால், உண்மையா என்று தெரியாத ஒன்றை உண்மையென்று அவர்கள் தலையில் ஏற்றுவாய். அந்த மகன் மாத்திரையைத் தன் கையால் வாங்கி வந்து கொடுத்தவன். நீ உன்னைக் குற்றவாளியாக்கினால் அவனும் கூடவே குற்றவாளியாகிவிடுவான். அதனால் அந்தப் பேச்சை நீயாக எடுக்காதே. ஆனால் அவனாக ஒருநாள் கேட்டால் பொய் சொல்லாதே. “எனக்குத் தெரியாமல் சரின்னு சொல்லிட்டேண்ணா, அது தப்பு. அதனாலதான் ஆச்சான்னு யாருக்கும் தெரியாது” என்று சொல். இப்போதைக்கு அந்த வீட்டுக்குப் போய், பெரியம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா. துக்கத்துக்கே போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது அவர்களுக்கும் உறுத்தலாக இருக்கும்.

நீ இன்னும் டாக்டர் இல்லை

உன்னைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. ஊர் கலந்தாய்வு முடிந்த மறுநாளே உனக்கு டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டது. தெருவில் பேனர் வைத்தார்கள், பள்ளியில் பொன்னாடை போர்த்தினார்கள். அவர்கள் சந்தோஷத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பேனரில் ‘மருத்துவர்’ என்று போட்ட நாளிலிருந்து, எதைக் கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும் என்று உனக்கு ஒரு கட்டாயம் வந்துவிட்டது.

நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, அதன் பிறகு மருத்துவக் கவுன்சிலில் பதிவு. அந்தப் பதிவு இல்லாமல் வைத்தியம் பார்ப்பது 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34-ஆவது பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெருவில் ஒருவர் கேட்டதற்கு ஒரு வார்த்தை சொன்னதற்காக உன் மேல் வழக்கு வரும் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் சட்டமே உனக்கு ஒரு பதிலைக் கையில் கொடுத்திருக்கிறது: “நான் மருந்து சொல்லக் கூடாது, எனக்கு இன்னும் அனுமதி இல்லை.” இதைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மருந்து சொல்லாவிட்டாலும் நீ செய்யக்கூடியது இருக்கிறது. காய்ச்சல் என்று வந்தால் எந்த நாள் தொடங்கியது என்று கேட்டுக் குறித்துவை. ஐந்தாம் நாளா ஏழாம் நாளா என்பது மருத்துவருக்கு ரொம்ப முக்கியம், ஆனால் வீட்டில் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஊரில் ஒன்றாவது இருந்தால், உட்கார வைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பார். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் கணக்குத் தப்பும், வேறு விரலில் மாட்டு. 94-க்குக் கீழே போனால் நேரே மருத்துவமனை, வண்டிக்கு 108. சந்தேகம் என்றால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கொடு. சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போ. தடுப்பூசி போடத் தயங்குகிறவர்களிடம் பேசு. மாதவிலக்கு நாட்களில் போடக் கூடாது என்று உன் அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது வாட்ஸ்அப் புரளி. எந்த நாளிலும் போட்டுக்கொள்ளலாம். அப்பாவுக்கு இப்போது போட வேண்டாம், இந்த 2021-இன் விதிப்படி குணமாகி மூன்று மாதம் கழித்துப் போடச் சொல்கிறார்கள். நீ உடனே போட்டுக்கொள். அதே 2021 விதிப்படி, கோவிஷீல்டு என்றால் இரண்டாவது ஊசிக்கு 12 முதல் 16 வாரம் ஆகும், கோவாக்சின் என்றால் 4 முதல் 6 வாரம். 

அம்மாவின் பயம்

அம்மாவை ‘படிக்காதவங்க, புரியலை’ என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். அதை நான் ஏற்க மாட்டேன். கணவரைப் பத்து நாள் ஆக்ஸிஜனில் பார்த்துவிட்டு வந்தவர் அவர். தொலைக்காட்சியில் ஆம்புலன்ஸ் வரிசையைப் பார்த்தவர். இந்த இரண்டாம் அலையில் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் இறந்திருக்கிறார்கள். என்னோடு படித்த ஒருத்தி, மயக்க மருந்து நிபுணர், மே மாதம் போய்விட்டாள். அம்மா பயப்படுவதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் அவர் பயப்படுகிற விஷயம் உன் முதல் ஆண்டில் இல்லை. உன்னைக் கொரோனா வார்டில் நிறுத்த மாட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு அறிவித்தது இறுதியாண்டு மாணவர்களைப் பற்றி. அதுவும் தொலைபேசி ஆலோசனைக்கும், லேசான பாதிப்பு உள்ளவர்களைக் கவனிக்கவும், ஆசிரியர் மேற்பார்வையில்தான். ஹவுஸ் சர்ஜன்கள் பணியில் இருக்கிறார்கள். முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும்தான். நோயாளியைப் பார்க்கக் கூட்டிப் போனாலும் அது தள்ளி நின்று பார்க்கிற அறிமுகம். வார்டில் நின்று வைத்தியம் கற்பது இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்கும்.

அடுத்து, பிணத்தைத் தொடுவது பற்றிய உன் கேள்வி. டிசெக்‌ஷன் மேசையில் இருக்கும் உடல், இரத்தக் குழாய் வழியாக ஃபார்மலின் செலுத்திப் பதப்படுத்தி, பல மாதம் வைத்திருந்தது. வைரஸைச் செயலிழக்கச் செய்வதில் ஃபார்மலின் கெட்டிக்கார மருந்து. அந்த உடலிலிருந்து கொரோனா வராது. கண் எரியும், மூக்கில் நீர் வரும், மதியம் சோறு இறங்காது, அதெல்லாம் உண்டு. பரவ வேண்டுமானால் மேசையைச் சுற்றி நெருங்கி நிற்கும் பிள்ளைகளிடமிருந்துதான் பரவும். முகக்கவசமும் தடுப்பூசியும் அதற்காகத்தான். இதை நீ விளக்குவதைவிட, அம்மாவை ஒரு நாள் கல்லூரிக்கே அழைத்துப் போய்க் காட்டுவது நல்லது. திறந்ததும் ஆசிரியரிடம் கேள். பெற்றோர் வந்து பார்க்க விரும்பினால் நாங்கள் முகம் சுளிப்பதில்லை.

படிப்பை விடுவது என்றால்

விடக் கூடாது என்று நான் கட்டளை போட மாட்டேன். விருப்பமில்லாமல் மருத்துவம் படித்து ஆயுசு முழுக்கப் புழுங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ எழுதிய ஆறு பக்கத்தில் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று ஓரிடத்திலும் இல்லை. பயம் இருக்கிறது, குற்ற உணர்வு இருக்கிறது, அசதி இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் மாதத்தில் இப்படிப்பட்ட முடிவை எடுக்காதே.

அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. சேரும்போது நீயும் அப்பாவும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரத்தின் நகல் வீட்டில் இருக்கும், தேடி எடுத்து நிதானமாகப் படி. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு இடத்தை விட்டுப் போனால் கட்ட வேண்டிய தொகை அதில் இருக்கும். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் குறைவுதானே என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தத் தொகை அதிர்ச்சியாக இருக்கும். உன் பத்தாவது, பன்னிரண்டாவது அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கின்றன, அவை இல்லாமல் வேறெங்கும் சேர முடியாது. பி.எஸ்சி. அக்ரிக்கு மாறிவிடலாம் என்று அம்மா சொல்வது, பஸ் மாறுவது போல நடக்கிற காரியம் இல்லை.

தேர்வைப் பற்றிய உன் கணக்கும் தப்பு. ஒரு தடவை தவறினாலே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று சீனியர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இல்லையம்மா. முதல் ஆண்டுத் தேர்வுக்கு அதிகபட்சம் நான்கு வாய்ப்பு உண்டு, நான்கு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். முதல் முறை தவறினால் துணைத் தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் உன் பேட்சோடே தொடரலாம். ஆனால் வருகைப் பதிவில் விளையாடாதே. தியரிக்கு 75 சதவீதம், ப்ராக்டிகலுக்கு 80 சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். சிக்னல் போய் இணைய வகுப்பில் பெயர் விழாத நாட்களைத் தேதியோடு எழுதிவைத்து, துறைத் தலைவருக்கு இப்போதே ஒரு கடிதம் கொடு. கடைசி மாதத்தில் போய் அழுவதைவிட அது மேல். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்கான டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் இணைத்துவிடு.

அரைகுறை டாக்டரா?

இந்தக் கேள்வி எனக்கும் வலிக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் முழுக்க நான் காலி டிசெக்‌ஷன் ஹாலில் நின்று பாடம் எடுத்தேன். 20 மேசை. ஒன்றின் மேல் மட்டும் விளக்கு. ஸ்டாண்டில் கைப்பேசியைக் கவிழ்த்து மாட்டி, அக்குளில் இருக்கிற பிரேக்கியல் பிளெக்ஸஸ் நரம்புப் பின்னலை ஃபோர்செப்ஸால் தூக்கித் தூக்கிக் காட்டினேன். திரையில் 150 சின்னப் பெட்டி, எல்லாம் கறுப்பு. “தெரியுதா பிள்ளைகளா?” என்று கேட்டால், கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு குரல், “மேடம், ஸ்டக் ஆகுது” என்று வரும். உன்னைப் போலவே எந்த மொட்டை மாடியிலோ உட்கார்ந்திருக்கும் பிள்ளை. நீங்கள் இழந்தது கொஞ்சமில்லை என்று எனக்குத் தெரியும். நரம்பைத் தொட்டால் கயிறு போல உருளும், இரத்த நாளம் நசுங்கும். அந்த வித்தியாசத்தை எந்தத் திரையும் விரலுக்குக் கொடுக்காது.

ஆனால் இழந்தவற்றில் திரும்பப் பிடிக்கக்கூடியது உங்கள் பங்குதான். இறுதியாண்டு மாணவர்கள் வார்டையே இழந்தார்கள், அவர்களுக்காகத்தான் எனக்குக் கவலை அதிகம். உங்களுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. கல்லூரி திறந்ததும் உன் பேட்சில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, மாலையில் கூடுதல் டிசெக்‌ஷன் நேரமும், மியூசியம் சனிக்கிழமையும் திறந்திருக்க வேண்டும் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வாயைத் திறந்து கேட்கிற பேட்சுக்கு நாங்கள் ஓடி ஓடிச் செய்வோம்.

அதுவரை உன் உடம்பே உனக்குப் புத்தகம். மோவாய்க்குக் கீழே கழுத்துக் குழியிலிருந்து தோள் வரை விரலை ஓட்டு. அதுதான் கிளாவிக்கிள், காறை எலும்பு. உள்பக்கம் முன்னால் வளைந்து, வெளிப்பக்கம் பின்னால் வளையும். வளைவு மாறுகிற அந்த இடம், வெளிமுனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம், அங்கேதான் பைக்கிலிருந்து விழுகிறவர்களுக்கு உடையும். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்குமே, அது அல்நார் நரம்பு. அந்த எலும்பு மேட்டுக்குப் பின்னால் விரல் வைத்து உருட்டிப் பார், கிடைக்கும். ஏன் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மட்டும் மரத்துப்போகிறது என்று அப்புறம் புத்தகத்தைத் திற. மறக்கவே மறக்காது.

அப்புறம் உன் வீட்டில் தறி இருக்கிறது. சென்னைப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத மாடல் அது. குழித்தறியில் அம்மா உட்கார்ந்து மிதிக்கும்போது கெண்டைக்காலைத் தொட்டுப் பார்க்கக் கேள். அங்கே இரண்டு தசை. மேலே காஸ்ட்ராக்னீமியஸ், அதற்கு உள்ளே சோலியஸ். முதலாவது முட்டிக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகிறது. இரண்டாவது முட்டிக்குக் கீழே தொடங்குகிறது. முட்டி மடங்கி உட்கார்ந்திருக்கும்போது முதலாவது தளர்ந்துவிடும். அப்படியானால் நாளெல்லாம் மிதிப்பது எது? சோலியஸ். உன் அம்மா கால் வலி என்று சொல்வது எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்று இப்போது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்று முழுசாகக் கேட்டு வாங்கி, கழுவி, நீளவாக்கில் அறுத்துப் பார். வால்வைப் பிடித்திருக்கிற வெள்ளை நூல்களைச் சுண்டிப் பார். இடப்பக்கச் சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்று நீயே சொல்லிவிடுவாய்.

அப்பா தறியில் உட்கார அவசரப்பட வேண்டாம். கயிறு இழுத்து அடிப்பது தோளுக்கும் மூச்சுக்கும் சேர்ந்த வேலை. முதலில் வாசல் வரை, அப்புறம் தெருமுனை வரை நடக்கட்டும். நடந்தபின் ஆக்ஸிஜன் இறங்கினால் காட்டியவரிடமே மறுபடி போங்கள். சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். அவருக்கும் ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள்.

ஆங்கிலம்

நானும் தமிழ் வழிதான். 1981-இல் சேர்ந்தேன். முதல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எலும்பைக் கையில் கொடுத்து “எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். இடது என்று தெரியும். ‘லெஃப்ட்’ என்று சொல்லவும் தெரியும். ஏன் இடது என்று சொல்ல வார்த்தை வரவில்லை. கேட்டவர் எலும்பைப் பிடுங்கிக்கொண்டு “நெக்ஸ்ட்” என்றார். அன்று இரவு விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் சொல் சொல்லாக எழுத ஆரம்பித்தேன்.

எழுத எழுத ஒன்று புரிந்தது. கான்வென்ட்டில் படித்து வந்த பிள்ளைகளுக்கும் ‘ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு’ அன்றுதான் முதல் அறிமுகம். அது ஆங்கிலமே இல்லை. கிரேக்கமும் லத்தீனும். ‘பை’ என்றால் இரண்டு, ‘செப்ஸ்’ என்றால் தலை. பைசெப்ஸ், இருதலைத் தசை. ‘ட்ரை’ மூன்று. ‘பிரேக்கியம்’ மேல்கை. ஒரு நூறு வேர்ச்சொல் தெரிந்தால் ஆயிரம் பெயர் தானாகப் பிரிந்து வரும். தமிழில் சந்தி பிரித்துப் பழகிய உனக்கு இது ஒன்றும் புதிதில்லை. பேச்சு ஆங்கிலம் வேறு விஷயம், அது வைவாவுக்குத் தேவை. தினம் ஒரு எலும்பை எடுத்து, கண்ணாடி முன் நின்று ஐந்து வாக்கியம் சத்தமாகச் சொல். இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை. நான் பரீட்சை அதிகாரியாக உட்காரும்போது இலக்கணத்தைப் பார்ப்பதில்லை.

தூக்கம்

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, அந்தப் பெரியப்பா முகம் தெரிவதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். ஒரு மாதமாக என்று போட்டிருக்கிறாய். இதைத் தனியாகச் சமாளிக்காதே. 104-இலேயே மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள், எந்த நேரமும் கூப்பிடலாம். மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது, ஒருமுறை போய்க் காட்டு. சென்னைக்கு வந்தபின் உன் கல்லூரியிலேயே அந்தத் துறை இருக்கும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. இதனால் உன் படிப்புக்கோ பதிவுக்கோ ஒரு குறையும் வராது. எங்கள் மாணவர்கள் வருகிறார்கள், எங்களில் சிலரும் போகிறோம்.

கடைசிக் கேள்வி, அந்த எலும்பு செட். வாங்காதே. இரண்டாம் ஆண்டுக்குப் போன சீனியர் யாரிடமாவது கேள். எல்லா விடுதியிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி இருக்கும், போன வருடம் யாரோ கொடுத்தது, அதற்கு முந்தின வருடம் யாரோ கொடுத்தது. எடுத்ததும் எண்ணிப் பார். மணிக்கட்டுச் சின்ன எலும்புகள் எட்டு, அதில் பிசிஃபார்ம் பட்டாணி அளவுதான் இருக்கும், முதலில் தொலைவது அதுதான். பெட்டியில் அது இல்லையென்றால் எனக்கு எழுது, என்னிடம் நான்கைந்து இருக்கின்றன.